இல்லத்தாய் ஏன் நிற்பதில்லை? தருமபுரி, கிருஷ்ணகிரி குழந்தைகள் இல்ல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தைகள் இல்லம் நடத்தும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும், இரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். "ஆளே கிடைக்கிறதில்லைம்மா, கிடைச்சாலும் நிக்கிறதில்லை." மே விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போகிறார்கள், கூடவே, இல்லத்தில் தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தாயும் போகிறார். ஜூன் மாதம் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள், அவர் வருவதில்லை. மறுபடி விளம்பரம், மறுபடி நேர்காணல், மறுபடி ஒரு புது முகம். தீபாவளிக்குள் அந்த முகமும் மாறிவிடுகிறது.

நான் பாலக்கோட்டுக்காரி. இந்த இரண்டு மாவட்டங்களிலும் இல்லத்தாயாக வேலை பார்த்தேன். அப்புறம் தொலைதூரக் கல்வியில் படித்து வழக்குப் பணியாளராகவும், அதாவது ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் கோப்பில் எழுதிக் கவனிப்பவராகவும் இருந்தேன். இப்போது எந்த இல்லத்திலும் சம்பளம் வாங்கவில்லை என்பதால் கொஞ்சம் வாய்விட்டுப் பேச முடிகிறது.

ஆள் நிற்கவில்லை என்ற பிரச்சினையை ஒரு கோப்பிலும், ஆளுக்குப் பயிற்சி தருவதை இன்னொரு கோப்பிலும் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கவேண்டியவை. ராத்திரி பிள்ளைகளோடு படுப்பவருக்கு எதுவும் கற்றுத்தராமல், அவராகக் கற்றுக்கொண்டதற்கும் மதிப்புத் தராமல் இருக்கிறவரை அவர் போய்க்கொண்டேதான் இருப்பார். போகும்போது பிள்ளைகளைப் பற்றி இல்லத்துக்குத் தெரிந்ததில் பாதியையும் எடுத்துக்கொண்டு போவார்.

அவருடைய வேலை என்ன என்பது நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்று நான் நம்பவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவது, படுக்கையை நனைத்த பிள்ளையின் போர்வையை மற்ற பிள்ளைகள் பார்ப்பதற்குள் எடுத்து அலசப்போடுவது, பேன் பார்ப்பது, வரிசையாக ரெட்டை ஜடை பின்னுவது, காணாமல் போன பெல்ட்டைத் தேடுவது. பள்ளிக்கு அனுப்பிய பிறகு அரசு மருத்துவமனை, பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழு, வங்கி, ஆதார் மையம். சாயங்காலம் வீட்டுப்பாடம், சண்டை, சண்டைக்குப் பஞ்சாயத்து. ராத்திரிதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். வலிப்பு வரும் பிள்ளை, தூக்கத்தில் அலறும் பிள்ளை, முதல் முறை வயசுக்கு வந்து பயந்துபோய் பாத்ரூமில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பிளேடால் கையைக் கீறிக்கொண்டு முழுக்கை சட்டை போட்டு மறைக்கும் பிள்ளை. இதற்கு நடுவே பதிவேடுகள் வேறு. யார் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள், யார் பார்க்க வந்தார்கள், யாருக்கு என்ன மாத்திரை.

இத்தனைக்கும் எத்தனை பேர்? சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகளில், நூறு பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு நான்கு இல்லத்தாய் அல்லது இல்லத்தந்தை என்று போட்டிருக்கிறது. நூறுக்கு நான்கு என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர ஷிப்ட் என்று வைத்தால் வாரத்துக்கு இருபத்தொரு ஷிப்ட். நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாள் வார விடுப்பு போனால் இருபத்துநான்கு ஷிப்ட் வேலை பார்க்க முடியும். அதாவது எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் நூறு பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஒருத்தர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கணக்கு உடைந்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் எல்லா இல்லங்களும் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஷிப்டே கிடையாது, அங்கேயே தங்கிவிடுவது. சாப்பாடும் இடமும் இலவசம் என்று விளம்பரத்தில் சலுகை மாதிரி எழுதுகிறீர்கள். இருபத்துநான்கு மணி நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும் என்பதற்கு வேறு பெயர்தான் அது.

இன்னொரு பக்கம் ஓசூர் இருக்கிறது. கெலமங்கலம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கமெல்லாம் இப்போது பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கும் ஆலைகள் வந்துவிட்டன. ஊர் வாசலுக்கே கம்பெனி பஸ் வருகிறது. ஷிப்ட் முடிந்ததும் மணி அடிக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுதி எல்லாம் உண்டு. பிளஸ் டூ முடித்த தேன்கனிக்கோட்டைப் பெண் எங்கே போவாள்? நம் இல்லத்தில் சேர்ந்த பெண்ணும் ஆறு மாதத்தில் அதே பஸ்ஸில் ஏறிவிடுகிறாள் என்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு சேவை மனப்பான்மை இல்லை" என்று கூட்டத்தில் பேசும் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணை இந்தச் சம்பளத்துக்கு இந்த வேலைக்கு அனுப்புவீர்களா?

சம்பளத்தில் ஆலையோடு போட்டி போட உங்களால் முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, வேலையை விட்டுப்போன பெண்கள் சம்பளத்தை இரண்டாவதாகத்தான் சொன்னார்கள். முதலில் சொன்னது வேறு. "என்ன பண்றதுன்னே தெரியலக்கா. தப்பு பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், அங்கே குடும்பம் சிதறி, நம் இல்லத்துக்கு வந்த பையன். சாப்பாட்டு நேரத்தில் இட்லியை டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்த் தன் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைப்பான். எறும்பு மொய்த்து, நாற்றம் எடுத்த பிறகுதான் தெரியும். அப்போதிருந்த இல்லத்தாய் அதைத் திருட்டு என்று எழுதிவைத்தார். பையனுக்குத் தண்டனையும் கிடைத்தது. அவன் நிறுத்தவில்லை, ஒளித்துவைக்கும் இடத்தை மாற்றினான். பிறகு வந்தவர் வயதில் மூத்தவர், ஊத்தங்கரைப் பக்கம். அவர் ஒரு டப்பாவில் பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டு, அவன் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். "எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ, கேக்க வேண்டாம்." முதல் வாரம் டப்பா தினமும் காலியானது. போகப்போக நிதானமாகக் குறைந்தது. கொஞ்ச காலத்தில் பெட்டியில் ஒளித்துவைப்பதும் நின்றுபோனது. சாப்பாடு நாளைக்கும் இருக்கும் என்று அவன் வயிறு நம்ப அத்தனை நாள் ஆனது, அவ்வளவுதான்.

இதை அந்தம்மாவுக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை. அவராகக் கண்டுபிடித்தது. அடுத்த வருடம் மகளின் பிரசவத்துக்கு என்று போனவர் திரும்பவில்லை. அந்தப் பையனின் கோப்பில் டப்பாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. "திருடும் பழக்கம் உண்டு" என்ற பழைய வரி மட்டும் இருந்தது. அதற்கடுத்து வந்த பெண் அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத்தான் அவனை முதல் நாள் பார்த்தாள்.

நான் சொல்லும் நஷ்டம் இதுதான். ஆள் போனால் ஒரு சம்பளம் மிச்சம் என்று கணக்கர் எழுதலாம். போனது ஒரு டப்பா பொட்டுக்கடலையின் அறிவு.

ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் கைக்குழந்தைகள் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது, 2008-ல் வெளியானது. மூன்று இல்லங்கள். ஒன்றில் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள், கூடவே ஏற்பாட்டையும் மாற்றினார்கள். பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எப்போதும் அதே ஆட்கள் என்று வைத்தார்கள். இரண்டாவது இல்லத்தில் பயிற்சி மட்டும். மூன்றாவதில் எந்த மாற்றமும் இல்லை. உடல் வளர்ச்சி, அறிவு வளர்ச்சி, ஆளோடு ஒட்டுதல் என்று எதை எடுத்தாலும் முதல் இல்லத்துப் பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள். வெறும் பயிற்சி கொஞ்சம் உதவியது, அவ்வளவுதான். சாப்பாடோ மருந்தோ அல்ல அங்கே மாறியது. பிள்ளை தினமும் காலையில் கண் விழித்தால் பார்க்கும் முகம் மாறாமல் இருந்தது, அந்த முகத்துக்கு வேலையும் தெரிந்திருந்தது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதாகத் தெரியவேண்டிய விஷயம் இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல், கிருஷ்ணகிரி தனியாகப் பிரிவதற்கு முன்பே, தருமபுரிக்கும் வந்தது. பச்சைக் குழந்தைகளை நிறுவனத்தில் வைத்து வளர்ப்பது எப்படி என்பதை இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் நாம். அந்தக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்களை ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் நமக்கென்று ஒரு பாடப்புத்தகமே கிடைத்திருக்கும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். பயிற்சி நடக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகச் சேர்பவருக்கு அறிமுகப் பயிற்சி, வேலையில் இருப்பவருக்கு அவ்வப்போது பயிற்சி என்றெல்லாம் விதிகளில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கில் பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி நடக்கவும் செய்கிறது. வருவது யார்? கண்காணிப்பாளர், ஆற்றுப்படுத்துநர் என்கிற கவுன்சிலர், வழக்குப் பணியாளர். இல்லத்தாய் வருவதில்லை. அவர் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆக, பிள்ளைகளோடு குறைவான நேரம் இருப்பவருக்கு அதிகப் பயிற்சி, அதிக நேரம் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. தப்பித் தவறி அவர் வந்தாலும் அங்கே கிடைப்பது என்ன? பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை, திரையில் சின்ன எழுத்தில் சட்டம். மதியம் சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ.

சட்டம் தெரியவேண்டாம் என்று சொல்லவில்லை. இல்லப் பணியாளர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அடித்துத் தண்டித்தது நிரூபணமானால் 82-ஆம் பிரிவில் வேலையை விட்டு நீக்கலாம், அதன்பின் பிள்ளைகளோடு வேலை செய்யவும் தடை. சரியான சட்டம். கை ஓங்குபவர் வெளியேதான் போகவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எல்லாப் பயிற்சியிலும் "அடிக்காதே" என்று சொல்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு பதினாலு வயசுப் பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அடிக்காமல் வேறு என்ன செய்வது என்பதை யாரும் செய்து காட்டுவதில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்பது, குரலை எங்கே வைப்பது, மற்ற பிள்ளைகளை யார் வெளியே கூட்டிப்போவது, மறுநாள் காலையில் அவனோடு எப்படிப் பேச ஆரம்பிப்பது. இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. தாயன்பு இருந்தால் தானாக வரும் என்பது மேடைப்பேச்சு.

2022 டிசம்பர் கடைசியில், குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்துபோனான். ஊழியர்கள் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது, 2023-ல் அறிக்கையும் வந்தது. அந்த வாரங்களில் நம் மாவட்டத்து இல்லங்களிலும் எல்லோரும் ஊழியர்களைப் பற்றித்தான் பேசினார்கள். கேமரா மாட்டினார்கள். கேமரா எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் கற்றுத்தராது.

நம் மாவட்டங்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. சென்னையில் தயாரித்த பாடத்திட்டத்தில் அவை வராது. தளி, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோ. கிருஷ்ணகிரி டவுன் பிள்ளைக்கு உருது. சில ஊர்களில் லம்பாடி. சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளை தமிழ்தான் பேசும், ஆனால் கீழ்நாட்டுக்காரர்கள் கேலி செய்வார்களோ என்று வாயே திறக்காது. அழும்போது யாரும் பள்ளிக்கூடத்து மொழியில் அழுவதில்லை. ஓசூர் வட்டாரத்தில் ஆள் எடுக்கும்போது தெலுங்கோ கன்னடமோ தெரியுமா என்று கேட்கிறீர்களா? தட்டச்சுத் தெரியுமா என்று கேட்ட நேர்காணலுக்கு நானே போயிருக்கிறேன்.

இன்னொன்று முகூர்த்த நாள். நாளை காலை கல்யாணம் என்று இருக்கும். யாரோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுவார்கள். அதிகாரிகள் போய் நிறுத்துவார்கள். பத்திரிகையில் "சிறுமி மீட்கப்பட்டு இல்லத்தில் ஒப்படைக்கப்பட்டார்" என்று செய்தி முடிந்துவிடும். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம். ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப் வரும். பதினாறு வயசுப் பெண், கையில் மருதாணி காய்ந்துகூட இருக்காது. மீட்கப்பட்டதாக அவள் நினைக்கமாட்டாள். எல்லோர் மேலும் ஆத்திரம். சாப்பிட மாட்டேன் என்பாள், போன் கொடு என்பாள், சுவரில் தலையை முட்டுவாள். நடுராத்திரியில் மெதுவாகக் கேட்பாள், "எங்கப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்களா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் இல்லை, அவர் வீட்டில் தூங்குகிறார். பதில் சொல்லவேண்டியவர் பத்தாவதோ பிளஸ் டூவோ படித்த இல்லத்தாய். பொய் சொல்லி சமாதானப்படுத்தினால் இரண்டு நாளில் உண்மை தெரிந்துவிடும், அதன்பின் அவள் யாரையும் நம்பமாட்டாள். உண்மையைச் சொல்ல இவருக்கே சட்டம் தெரியாது. அந்தப் பெண்ணைப் பற்றிய தகவல் அரைப் பக்கம்கூட இவர் கைக்கு வராது. ரகசியம் என்று கண்காணிப்பாளர் அறையில் பூட்டியிருக்கும்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெங்களூரில் இருக்கிறது. அது இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலை. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். 2020 முதல் அங்கே 'சம்வாத்' என்ற அமைப்பு இயங்குகிறது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவோடு, இல்லங்களில் வேலை செய்வோர் உட்படக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே தொடங்கியது. நாடு முழுக்க ஆன்லைனில் பயிற்சி நடத்துகிறார்கள். நாமோ முந்நூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலிருந்து ஆள் வரக் காத்திருக்கிறோம். மாநில எல்லை தாண்டினால் கடிதப் போக்குவரத்து கஷ்டம் என்று ஓர் அலுவலர் என்னிடம் சொன்னார். நம் சனம் தினமும் அந்த எல்லையைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வருகிறது.

மாவட்ட அலகுகளை நான் முதலில் கேட்பது இதுதான். நிம்ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்று நாள் முகாம் வேண்டாம். மாதம் ஒரு அரை நாள், இல்லத்துக்கே வந்தோ வீடியோவிலோ, அந்த மாதத்தில் தூக்கம் கெடுத்த இரண்டு மூன்று பிள்ளைகளைப் பற்றி இல்லத்தாய்களே பேசட்டும், தெரிந்தவர் வழி சொல்லட்டும். பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த அரை நாள் பிள்ளைகளைப் பார்க்க மாற்று ஆள் வேண்டுமே? அதற்கும் வழி இருக்கிறது. ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்கள், வேலையை விட்டுப்போன பழைய இல்லத்தாய்கள், சமூகப்பணி படிக்கும் மாணவிகள் என்று மாவட்டத்துக்கு ஒரு மாற்றுப் பட்டியல் தயாரிக்கலாம். காவல்துறைச் சரிபார்ப்பை ஒரே தடவையில் முடித்து வைத்துக்கொண்டு, எந்த இல்லத்தில் ஆள் குறைந்தாலும் அங்கே அனுப்பலாம். ஒரு இல்லம் தனியாக இதைச் செய்ய முடியாது, மாவட்டம் செய்ய முடியும். இந்தப் பட்டியல் ஒன்று இருந்தாலே இல்லத்தாய்க்கு வார விடுப்பு நிஜமாகக் கிடைக்கும். வார விடுப்பு என்பது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே துணி துவைத்துக்கொண்டிருப்பது இல்லை. ஊருக்குப் போகவேண்டும், போனை அணைத்து வைக்கவேண்டும்.

இங்கிலாந்தில் குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்பவர், சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் அந்த வேலைக்கென்றே உள்ள டிப்ளமா முடிக்கவேண்டும் என்று 2015 விதிகளில் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. மேலே இருப்பவர் ஒழுங்காக உட்கார்ந்து வேலையைப் பற்றி அவரோடு பேசவேண்டும் என்பதும் விதி. அங்கேயும் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வேலைக்கு ஒரு படிப்பு தேவை என்று ஒத்துக்கொண்டார்கள். நம்மூரில் அது ஆயா வேலை.

நிர்வாகிகளுக்கு வருகிறேன். பத்து வருடம் வேலை பார்த்த இல்லத்தாய் பதினோராவது வருடமும் இல்லத்தாய்தான். நேற்றுச் சேர்ந்தவருக்கும் அவருக்கும் சம்பளத்தில் சில நூறு ரூபாய் வித்தியாசம். முதுநிலை இல்லத்தாய் என்று ஒரு படி வையுங்கள். புதிதாகச் சேர்பவர் முதல் மாதம் தனியாக ராத்திரி டியூட்டி பார்க்கக்கூடாது, மூத்தவரோடு சேர்ந்துதான் பார்க்கவேண்டும் என்று வையுங்கள். கற்றுத்தருவதற்கு மூத்தவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். படிக்க ஆசைப்படுபவருக்கு இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பட்டப்படிப்புக்குக் கட்டணம் கட்டுங்கள். படித்துவிட்டுப் போய்விடுவாரே என்று கேட்பீர்கள். போகட்டுமே. படிக்கிற மூன்று வருடம் இருப்பார் அல்லவா? இப்போது ஆறு மாதம்தானே இருக்கிறார்?

ஆளைப் பிடித்துவைக்க உங்களில் சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி வேறு. சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்கிறீர்கள். போகிறேன் என்றால் "ஆள் பார்த்துக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போ" என்கிறீர்கள். இது முறையும் இல்லை, பலனும் இல்லை. இஷ்டமில்லாமல் இருக்கிற ஆளை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே வைத்திருப்பதைவிட இடம் காலியாக இருப்பது மேல். அடுத்த தடவை ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அந்த பீரோவைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி, மத்திய அரசு அறுபது, மாநில அரசு நாற்பது என்ற கணக்கில் வருவது, எல்லா இல்லத்துக்கும் கிடைப்பதில்லை. பலர் நன்கொடையில்தான் ஓட்டுகிறீர்கள். நன்கொடையாளர் என்ன தருகிறார்? பிறந்தநாளுக்குப் பிரியாணி, திருமணநாளுக்கு ஸ்வீட், அப்பாவின் திதிக்கு வடை பாயசம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் மூன்று பேர் சாப்பாடு கொண்டுவந்து நின்றதும் உண்டு. சுவரில் எழுதி மாட்டியிருக்கும் விலைப்பட்டியலில் காலை டிபன் இவ்வளவு, மதிய உணவு இவ்வளவு என்றுதான் இருக்கிறது. அதில் கடைசி வரியாக "இல்லத்தாய் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம்" என்று சேர்த்துப் பாருங்கள். கேட்டால்தானே தருவார்கள்? அந்த வரியைச் சேர்க்க நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் சொன்னேன். "சம்பளத்துக்குக் காசு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்கள். நல்லாத்தான் இருக்கும்.

இல்லங்களையே மூடிவிட்டுப் பிள்ளைகளைக் குடும்பத்தில் வைப்பதுதானே சரி என்று கேட்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சிதான். இல்லம் கடைசி வழி என்றுதான் சட்டமும் சொல்கிறது. மாதம் நாலாயிரம் ரூபாய் நிதி ஆதரவு கிடைத்தால் பாட்டியோ சித்தியோ வைத்து வளர்க்கக்கூடிய பிள்ளைகள் நம் இல்லங்களில் நிறையப் பேர். அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். அப்படிப் போனபிறகு இல்லத்தில் மிச்சம் இருப்பது யார்? எந்த வீடும் ஏற்காத பிள்ளைகள், வழக்கு நடக்கும் பிள்ளைகள், ரொம்பவும் அடிபட்ட பிள்ளைகள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறையக் குறைய வேலை கஷ்டமாகும். பயிற்சி இன்னும் அதிகம் வேண்டும்.

மாவட்ட அலுவலர்களுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக் குழு வரும்போது கழிவறை எண்ணுகிறீர்கள், தீயணைப்புக் கருவியின் தேதி பார்க்கிறீர்கள், அரிசி மூட்டையில் கை விட்டுப் பார்க்கிறீர்கள். அதெல்லாம் வேண்டும். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். போன ஆய்வுக்கும் இந்த ஆய்வுக்கும் நடுவில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள்? நேற்று ராத்திரி இங்கே பிள்ளைகளோடு படுத்தது யார்? அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வரும் ஆளை, கண்காணிப்பாளர் பக்கத்தில் இல்லாமல் பத்து நிமிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். விட்டுப்போனவர்களுக்குப் போன் போட்டு ஏன் போனீர்கள் என்று கேட்கும் வழக்கம் எந்த இல்லத்திலும் இல்லை. மாவட்டமாவது அதைச் செய்யலாம். கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் கோப்பில் இல்லத்தாயும் எழுத ஒரு பக்கம் வேண்டும். இப்போது தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை வழக்குப் பணியாளர் எழுதுகிறார். நானும் எழுதியிருக்கிறேன். "நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகப் பழகுகிறார்" என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் வரும். எதைச் சொன்னால் அழுகை நிற்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும், யார் பெயரை எடுக்கக்கூடாது என்பதெல்லாம் வேறொருவருக்குத் தெரியும். எழுத வராது என்றால் அவர் சொல்லச் சொல்ல வழக்குப் பணியாளர் எழுதட்டும். கீழே அவர் கையெழுத்து இருக்கட்டும். அவர் போனாலும் அந்தப் பக்கம் போகாது. அவர் சொன்னது கோப்பில் ஏறுகிறது என்று தெரிந்தால், அவர் போவதும் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று நினைக்கிறேன்.

இதைப் பற்றிப் பேச இரண்டு மாவட்டத்து இல்லங்களையும் சேர்த்து ஒரு கூட்டம் கூட்டினால் நானும் வருகிறேன், எனக்குத் தெரிந்த பழைய இல்லத்தாய்கள் சிலரையும் கூட்டிவருகிறேன். தருமபுரியில் வைத்தாலும் சரி, காவேரிப்பட்டணத்தில் வைத்தாலும் சரி. ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டு ஆட்கள் வருவார்கள், எந்த இல்லத்தாயும் நகர முடியாது. வேலை நாளில் காலை பத்தரைக்கு மேல் வைத்து மூன்று மணிக்குள் விட்டுவிடுங்கள். நாலு மணிக்குப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் இல்லத்தாய் ஒருவர்,
பாலக்கோடு.